ஆறு மூலைத் துணிக்கு என்ன கூலி?

செராமிக் படிக்கிற பையன் ஆண்டு மலருக்கு என்ன எழுதுவான்? களிமண்ணைப் பற்றி எழுதுவான், சூளையைப் பற்றி எழுதுவான் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நான் எழுதப்போவது ஊசி, நூல், டெய்லர் கடை வெட்டுத்துணி பற்றி. "என்னாடா இவன், பொம்பளைங்க சமாச்சாரத்த எழுதுறான்" என்று கடைசி பெஞ்ச் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் திருவிழாவில் தேருக்கு நாலு பக்கமும் உருளை உருளையாகத் துணி தொங்குகிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தொம்பை என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளில் யாளி, கிளி, தாமரை என்று வெட்டி, இன்னொரு துணி மேல் வைத்துத் தைப்பது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அதுவே தொழிலாக இருப்பவர்களில் மீசை வைத்த ஆம்பளைகள் நிறையப் பேர்!

இப்படித் துணி மேல் துணி வைத்துத் தைப்பதைத்தான் அப்ளிக் என்கிறார்கள். ஒடிசாவில் பிப்பிலி என்ற ஊரே இதற்குப் பேர் போனது. பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குக் குடையும் விதானமும் தைத்துப் பெயர் வாங்கிய ஊர். சாமிக்குத் தைத்தால் கலை. அதே வேலையை வீட்டில் செய்தால்? "பாவம், வசதியில்லாத வீடு, ஒட்டுப் போட்டுப் போத்துக்கிறாங்க" என்பார்கள். நம் வீடுகளில் பழஞ்சேலையை நாலாக மடித்து நூலோட்டிய போர்வையில் படுக்காதவர் யார்? நாம் "கந்தை" என்று முகம் சுளிக்கிற அதே சொல்தான் வங்காளத்தில் "காந்தா" என்று கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறது. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் போர்வைக்கு "கவந்து" என்று பெயர். ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்களாம். நாலு மூலையிலும் துணியைப் பூப்போல மடித்து வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்காம். அந்தப் பூவால் குளிர் குறையப் போகிறதா? இல்லை. ஆனாலும் வைப்பார்கள்.

சரி, எங்க அத்தை கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு தையல் கூடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்குப் போகும் குயில்ட், அதாவது துண்டுத்துணிப் போர்வை, அங்கே தைத்தார்களாம். அறுகோண வேலையை அங்கே கற்றுக்கொண்டவர் இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார். லீவு நாளில் எனக்கு வேலை, காகிதம் வெட்டிக் கொடுப்பது.

காகிதம் எதற்கு என்கிறீர்களா? அதில்தான் சூட்சுமமே. பக்கத்துக்கு ஒரு அங்குலம் வருகிற அறுகோணத்தைக் கெட்டிக் காகிதத்தில் வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைதான் இதற்கு லாயக்கு. துணியை அதைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக வெட்டி, காகிதத்தின் மேல் மடித்து, பெரிய பெரிய தையலாக நூலோட்டி நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து, காகிதத்தில் ஊசி ஏறாமல், மடிப்பின் விளிம்பை மட்டும் பிடித்துச் சின்னச் சின்னதாகத் தைக்க வேண்டும். ஆறு பக்கமும் ஜோடி சேர்ந்த பிறகுதான் காகிதத்தை உருவலாம். அந்தக் கால் அங்குலத்தைப் பார்த்தால் எனக்கு ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் ஞாபகம் வரும். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்று நாம் அச்சைப் பெரிதாகச் செய்கிறோமே, அதுபோல.

ஏன் ஆறு மூலை? எல்லாப் பக்கமும் எல்லா மூலையும் சமமான உருவங்களில், இடைவெளி இல்லாமல் தரையை நிரப்பக்கூடியவை மூன்றுதான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். அறுகோணத்தின் மூலை 120 டிகிரி. மூன்று சேர்ந்தால் 360, கச்சிதம்! சமமான பரப்புகளாகப் பிரிக்கும்போது சுற்றுச்சுவர் மிகக் குறைவாக வருவது அறுகோணத்தில்தான் என்பதை 1999-ல் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நிரூபித்தார். தேனீ அதற்கு முன்பே கட்டிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம். டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இடையில் கிரவுட் போட்டு நிரவிவிடலாம். துணியில் அது நடக்காது. அகலத்தில் 35 அறுகோணம் வருகிற வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கடைசியில் 35 மில்லிமீட்டர் கோணிக்கொள்ளும். அத்தை எட்டாவதோடு நின்றவர். வெர்னியர் காலிப்பர் பார்த்ததில்லை. கோணியதும் இல்லை.

போன பொங்கல் லீவில் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். அத்தை தைத்து வைத்திருந்த பெரிய போர்வையை, ஐந்தடிக்கு ஏழரை அடி, விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தையல் தெரியவில்லை என்றதும் முகம் மாறியது. "ஆயிரத்து இருநூறு தரேம்மா. வெட்டுத்துணிதான, செலவு என்னா ஆயிடப் போவுது" என்றார். அத்தை பதில் சொல்வதற்குள் நான், "யோசிச்சு சொல்றோம் சார்" என்றேன். அவருக்கு என் மேல் கோபம். அத்தைக்கும்தான்!

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு அங்குல அறுகோணத்தின் பரப்பு 2.6 சதுர அங்குலம். போர்வை 60-க்கு 90, அதாவது 5,400 சதுர அங்குலம். ஆக, சுமார் 2,080 துண்டுகள். அத்தைக்குத் தெரியாமல் வாட்சை வைத்துப் பார்த்தேன். காகிதத்தில் மடித்து நூலோட்ட 3 நிமிஷம். ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு பக்கம் என்றாலும், ஒரு தையல் இரண்டு துண்டுக்குப் பொது. அதனால் துண்டுக்கு மூன்று தையல்தான் கணக்கு. அதற்கு 5 நிமிஷம். மொத்தம் 8 நிமிஷம். 2,080-ஐ 8-ஆல் பெருக்கினால் 16,640 நிமிஷம், 277 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி வைத்தாலும் 35 நாள். உள்துணி வைத்து அடித்துணியோடு சேர்ப்பது, ஓரம் கட்டுவது, காகிதம் வெட்டிய என் கூலி எதுவும் இதில் சேரவில்லை.

கடைக்காரர் சொன்ன 1,200-ஐ 277-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 4 ரூபாய் 33 காசு! 2024-25-ல் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் 35 நாளுக்கு 11,165 ரூபாய் வருகிறது. அத்தையிடம் காட்டினேன். "போடா, டிவி பாத்துக்கிட்டே தைக்கிறதுக்குக் கூலியா? நேரத்த எல்லாம் யாருடா எண்ணுவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ சொன்ன, இன்னொருவாட்டி சொல்லு" என்றார்.

இந்தக் கணக்கு எங்கள் திண்ணையோடு முடிகிற விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 1718 என்று வருஷம் தைத்த ஒரு பட்டுத் துண்டுத்துணி விரிப்பு இன்றும் இருக்கிறது. அதுவும் காகிதம் வைத்துத் தைத்ததுதான். அங்கே சில பழைய போர்வைகளுக்குள் உருவாமல் விட்ட காகிதங்கள், கடிதமும் செய்தித்தாளுமாக, அப்படியே கிடக்கின்றன. எந்தக் காலத்துப் போர்வை என்று அதைப் படித்தே கண்டுபிடிக்கிறார்களாம். நம் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய சீட்டித் துணி கப்பலேறி அங்கே போயிருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரர்கள் 1690-ல் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையிலும் துணி வியாபாரம்தான் பிரதானம். சீட்டி விலை அதிகம் என்பதால் அங்கத்திய பெண்கள் அதிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். அதாவது, அப்ளிக்!

1841-ல் ராஜா என்ற பெயருடைய கப்பலில் சுமார் 180 பெண் கைதிகளை லண்டனிலிருந்து டாஸ்மேனியாவுக்கு ஏற்றிப் போனார்கள். வழியில் அவர்களில் சிலர் 2,815 துண்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்தார்கள். இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிலேயே எழுத்தும் தைத்திருக்கிறார்கள். துணி, ஊசி வாங்கிக் கொடுத்த சீமாட்டிகளின் குழுவுக்கு நன்றி. தைத்தவர்கள்? "கைதிகள்" என்று ஒரே சொல். ஒருத்தி பெயர்கூட இல்லை.

நிற்க. அந்தக் கடைக்காரர் மறுபடி வந்தார். அத்தையே பேசினார். "ஏழாயிரம்" என்றார். அவர் சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய போர்வை பீரோவில் இருக்கிறது. அப்பாவுக்கு வருத்தம்தான். "வந்த ஆயிரத்து இருநூற விட்டுட்டீங்களே, உன் படிப்புதாண்டா காரணம்" என்று இன்னும் சொல்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மாசம் அந்தப் பணம் வந்திருந்தால் உதவியாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது நெய்வேலியில் ஒரு நர்ஸ் அக்கா, பிறக்கப் போகிற குழந்தைக்கு 36-க்கு 45 அங்குலத்தில் ஒன்று கேட்டிருக்கிறார். 623 துண்டு, 83 மணி நேரம். கணக்குப்படி 3,300 வருகிறது. அவர் பேரம் பேசி 3,000 என்றார். ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் அத்தை பெயரைச் சின்னதாகத் தைத்துத் தர வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். அத்தைக்கு ஒரே வெட்கம். "எம் பேர எதுக்குடா அந்தப் புள்ள மேல போத்தணும்" என்கிறார். இருநூறு துண்டு முடிந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை தீர்ந்துவிட்டது. ஹாஸ்டலில் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

- இரண்டாம் ஆண்டு, செராமிக் டெக்னாலஜி