'எனக்கும்தான்மா'

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் தெரியவந்தன. டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன்பின் பல வருடங்கள் அந்தப் பெயரைச் சொல்லவே ஊர் பயந்தது.

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவுக்குக் கணவர் மூலம் தொற்று வந்தது. 1998-இல் அவரும், அதே நிலையில் இருந்த வேறு சில பெண்களும் சேர்ந்து சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியதோ 2004-இல்தான். மருந்து கைக்கு எட்டாத அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் எதைத்தான் கொடுத்திருக்க முடியும்?

புகுந்த வீட்டில் துரத்தினால் எங்கே போவது? பிள்ளையிடம் எப்போது சொல்வது? இதற்கெல்லாம் டாக்டரிடம் சீட்டு கிடையாது. 'எனக்கும்தான்மா, நான் இருக்கேன் பாரு' என்று சொல்ல, அதைக் கடந்து வந்த ஒருத்திதான் வேண்டும்.

இன்று தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால், உடலுறவு வழியாக அது பரவாது. ஆனால் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அந்த 'தினமும்' சுலபமா, நண்பர்களே? ஒரு நாள் தவறினால் திட்டாமல் காரணம் கேட்கும் தோழி அவளுக்கு இன்றும் தேவை.