எழுத்துக்கு முந்தைய கீறல்

ஆடி பிறந்தால் நாளிதழ்களில் ஒகேனக்கல் தினமும் வந்துவிடும். நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை. அந்தக் கணக்கு வருவது காவிரியில் ஒகேனக்கல்லுக்கு மேலே, மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவிலிருந்து. அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அளக்க வேண்டிய இடமாகக் குறித்ததும் அதைத்தான். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.

இப்படி அளந்த நீரோட்டத்தை நாள்வாரியாகக் கோடு போட்டுக் காட்டினால், பொறியாளர்கள் அதை ஹைட்ரோகிராஃப் என்பார்கள். பிரித்துப் பார்த்தால் நீரும் எழுத்தும். தண்ணீர்க் கணக்கில் எழுத்துக்கு என்ன வேலை? பரிசல்துறையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “கோடு கீடெல்லாம் ஆபீஸ்ல போடுவாங்க சார். எங்களுக்குப் பாறையில தண்ணி தேய்ச்ச தடம் இருக்கு, அதைப் பார்த்தாலே தெரிஞ்சிரும்” என்றார். அகராதிகளைப் புரட்டிய பிறகுதான் அந்தப் பதிலின் அருமை புரிந்தது.

அதே ‘கிராஃப்’ ஒகேனக்கல்லில் வேறு இடங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருவிக்கரையில் படம் எடுத்துத் தருபவர் போட்டோகிராஃபர். 1839இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் பரப்பிய அந்தச் சொல்லில் எழுதுவது ஒளி. இங்குள்ள அருவிகளில் ஒன்றுக்கு சினிபால்ஸ் என்று பெயர். அதில் ‘கிராஃப்’ என்ற வால் உதிர்ந்திருக்கிறது. லூமியேர் சகோதரர்கள் 1895இல் பாரிஸில் காட்டிய கருவி சினிமாட்டோகிராஃப், அதாவது அசைவை எழுதுவது. மக்கள் வாயில் அசைவு மட்டும் சினிமாவாக மிஞ்சியது. முழுப்பெயரை 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். கைவிட்ட தந்தியும் டெலிகிராஃப்தான், தொலைவில் எழுதுவது.

இவற்றில் எதிலும் பேனா பிடித்த கை இல்லை. அப்படியானால் ‘கிராஃப்’ பிறந்த கிரேக்க வினை, கிராஃபெய்ன், முதலில் எதைக் குறித்தது?

விடை ஹோமரிடம் இருந்தது. இலியட்டின் 17ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டிமுனை வீரனின் தோளில் எலும்புவரை கீறுகிறது. அங்கே வருவது இந்த வினை. 6ஆம் காண்டத்தில் பெல்லரோஃபோன் என்ற வீரனைக் கொன்றுவிடச் சொல்லி, மடக்குப் பலகையில் குறிகளைப் பொறித்து அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறார்கள். அங்கேயும் அதே வினை. முதலில் கீறல். பிறகுதான் ஓவியம், எழுத்து, விவரிப்பு எல்லாம்.

நமக்கு இது புதிதல்ல. ஓலையில் எழுத்தாணி கீறும், கரி தடவினால்தான் வரி கண்ணுக்குத் தெரியும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களை இந்த எண்ணத்தோடு போய்ப் பார்த்தேன். தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்கள் பல, ஆநிரைப் பூசலில் விழுந்தவர்களுக்கு எடுத்தவை. பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து ஆட்சியாண்டுகள் அவற்றில் வட்டெழுத்தில் வருகின்றன. வில்லேந்திய உருவமும் பெயரும் ஒரே கல்லில், உளிவேலையாகவே இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் பெயரைப் படித்திருப்பார், தெரியாதவர் வில்லைப் பார்த்து வீரனை அறிந்திருப்பார். இப்படிக் கல்லில் பொறித்ததைப் படிக்கும் துறைக்கு எபிகிராஃபி என்று பெயர், ஒன்றின் மேல் எழுதுவது. சென்னை அரசு அதற்கென்றே 1886இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியரை நியமித்தது.

இந்த வேரின் ஒரு கிளை மாந்தோப்புக்குப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிரேக்கரின் எழுத்தாணி கிராஃபெயோன். லத்தீனில் அது கிராஃபியம் ஆனது. பழைய பிரெஞ்சில், கூராகச் சீவிய ஒட்டுக்குச்சி எழுத்தாணிபோல இருந்ததால் அதற்கும் அந்தப் பெயரே வந்தது. ஆங்கிலத்தின் கிராஃப்ட், அதாவது ஒட்டுக்கட்டுதல், அதிலிருந்து பிறந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி நாற்றங்கால்களில் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுபவர்கள் குச்சியின் அடியை ஆப்புபோலச் சீவுவதைப் பார்த்தால் அந்தப் பெயரில் வியப்பிருக்காது.

போட்டோகிராஃபும் ஹைட்ரோகிராஃபும் பழைய கிரேக்கர் வாயில் வந்தவை அல்ல. பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் தங்கள் மொழிகளின் அடிமரத்தில் கிரேக்கக் குச்சியைக் கட்டி வளர்த்தவை. நிலநடுக்கத்துக்கு சீஸ்மோகிராஃப், மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு மாமோகிராஃபி என்று ஒட்டு இன்னும் துளிர்க்கிறது. எனவே இப்படி ஒரு சொல் பாடப்புத்தகத்தில் பிள்ளைகளை மிரட்டினால் மனப்பாடம் வேண்டாம். எது தடம் பதிக்கிறது, அல்லது எதன் தடம் பதிகிறது என்று கேட்டால் போதும். பாதிப் பொருள் கைக்கு வந்துவிடும்.