பெயரிழந்த ஏரி

காஞ்சிபுரத்துப் பக்கத்து ஏரிகள் சிலவற்றை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வாய்த்தது. நீர்நிலைகளின் ஷேப்ஃபைலை ஆட்டோகேட் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் வடிவில் தரவேண்டும். சாலை வரைபவர் காத்திருந்தார். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

ஷேப்ஃபைல் பெயரில்தான் ஒன்று. எஸ்ரி நிறுவனம் வகுத்த அவ்வடிவத்தில் குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்தே இருக்கவேண்டும். ஒன்றில் கரையின் ஆயத்தொலைவுகள். இன்னொன்றில் அவற்றைத் தேடியெடுக்கும் சுட்டி. மூன்றாவதில் ஓர் அட்டவணை. ஏரியின் பெயர், கிராமம், ஆயக்கட்டு எல்லாம் அந்த அட்டவணையில்தான். ஐந்தாவது வடிவத்துக்கு ஐந்தாவது வரி. இரண்டையும் பிணைப்பது அந்த வரிசை மட்டுமே.

1982இல் ஆட்டோகேடுடன் வந்த டிஎக்ஸ்எஃப் வரைபவனின் உலகம். கோடு, வில், வட்டம், எழுத்து, அவை கிடக்கும் அடுக்கு ஆகியவையே அதற்கு முதன்மை. முதல் முயற்சியில் ஏரிகள் புள்ளிகளாய்ச் சுருங்கின. பாகைகளை வரைபடம் மீட்டர்களாக எடுத்துக்கொண்டிருந்தது. யுடிஎம் 44ஆம் மண்டலத்துக்கு மாற்றியதும் ஒவ்வொரு கரையும் தன் அளவில் வந்து அமர்ந்தது. அந்த மகிழ்ச்சியில், அட்டவணைப் புலங்களை எழுத இயலவில்லை என்று கருவி காட்டிய எச்சரிக்கையை நான் படிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வரைவு வந்தது. சாலையின் மையக்கோடு ஓர் ஏரியின் நடுவே நேராகச் சென்றது. வரைந்தவரைக் குறைகூற முடியாது. அவர் கண்டது ‘0’ என்ற அடுக்கில் பெயரின்றிக் கிடந்த ஒரு வளைகோடு. வயல்வரப்பென்று எண்ணியிருக்கிறார். நல்லவேளையாக அது வரைவுதான்.

மறுநாள் நீர்நிலைகளுக்குத் தனி அடுக்கு வைத்தேன். அட்டவணையிலிருந்து ஒவ்வொரு பெயரையும் எடுத்து, எழுத்துருப்படியாக ஏரியின் நடுவில் பொறித்தேன். அரைநாள் பிடித்தது.

1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. அங்கே ஏரி போய்ப் பெயர் தங்கியது. என் கோப்பில் கரை தங்கிப் பெயர் போயிற்று. ஒரு நீர்நிலையைத் தூர்ப்பதற்கு மண் லாரிகள் வருவதற்கு முன்பே இப்படியும் தொடங்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.