திண்டுக்கல் போனால், இந்தக் குளக்கரையிலும் கொஞ்சம் நில்லுங்கள்!

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். ஊருக்குள் நுழைந்ததும் மலைக்கோட்டை கண்ணில் படும். 108 விநாயகர் கோயிலுக்குப் போனவர்களுக்கு, அது இருக்கும் கோபாலசமுத்திரக் கரையையும் தெரிந்திருக்கும். அந்தக் கோபால் யார்?

விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். 1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர். எட்டு ஆண்டுகள் காத்திருந்த நாச்சியார், ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார். அப்போது திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலியின் வசம் இருந்தது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கோபால் நாயக்கர் பணியவில்லை. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களைத் திரட்டினார். மருது சகோதரர்களோடு கைகோத்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டம் முறிந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர். 1801 செப்டம்பர் 5 அன்று கோபால் நாயக்கரையும் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்த இடம்தான் இந்தக் குளக்கரை, அவர் பெயரே குளத்துக்கு நிலைத்தது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அடுத்த மாதமே, அக்டோபர் 24-ல், மருது சகோதரர்களும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் மே 24 தேசிய விடுமுறை. 1822-ல் பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் ஸ்பெயின் படையை வென்ற நாள் அது. வென்ற போருக்கு விடுமுறை உண்டு. நம் பாளையக்காரர்கள் தோற்றார்கள். காலண்டரில் அவர்களுக்குச் சிவப்பு எழுத்து இல்லை.

குளக்கரையைப் பார்த்துவிட்டு மலைக்கோட்டைக்கு ஏறுங்கள். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கியது. இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிகள், பீரங்கி மேடைகள், வீரர்கள் தங்கிய அறைகள், உச்சியில் மூலவர் இல்லாத கோயில் என்று பார்க்க நிறைய உண்டு. நிழல் குறைவு, காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. தண்ணீர் பாட்டில் அவசியம். மேலே நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலைத்தொடர், நடுவில் சமவெளி முழுவதும் தெரியும். எதிரியின் படை எங்கிருந்து வந்தாலும் தப்ப முடியாது என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

நேரம் இருந்தால், பழனி சாலையில் ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாட்சிக்கும் போய் வரலாம். அங்கே கோபால் நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலை வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள்.

செப்டம்பர் 5 நமக்கு ஆசிரியர் தினம். அன்று டீச்சருக்குப் பூவோடு கிளம்பும் பிள்ளைகளிடம், இந்தக் குளக்கரைக் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.