மீட்டிங் முடிந்தது, ஊர் மிச்சமிருக்கிறது

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க், தும்பாவில் ராக்கெட் தளம், நகரின் நடுவே தலைமைச் செயலகம். திருவனந்தபுரத்துக்கு வேலையாக வருகிறவர்களில் பலரும் இந்த மூன்றில் ஒன்றைத் தேடித்தான் வருகிறார்கள். வேலை முடிந்தபின் அவர்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டு: ஓட்டல் அறையில் டி.வி. அல்லது டாக்ஸி பிடித்து 16 கி.மீ. தள்ளியிருக்கும் கோவளம். இடையில் உள்ள ஊர் கார் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடுகிறது.

நஷ்டம் அவர்களுக்குத்தான். மேடும் பள்ளமுமான இந்தத் தலைநகரில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் மகாத்மா காந்தி சாலையை ஒட்டியே இருக்கின்றன. தேவை இரண்டு மணி நேரமும் நல்ல செருப்பும். ஒரே நிபந்தனை, ஊரின் கடிகாரத்துக்கு வந்தவர் கட்டுப்பட வேண்டும்.

தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே. பஸ் நிலையத்தின் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் ஒரு வட்டக் கோபுரம்: இந்தியன் காபி ஹவுஸ். பர்மிங்ஹாமில் பிறந்து இந்த ஊரிலேயே 2007இல் மறைந்த லாரி பேக்கரின் கைவண்ணம். உள்ளே மாடிப்படி கிடையாது. சுருள் சுருளாக ஏறும் சரிவுப் பாதையில், சுவரை ஒட்டி மேஜைகள். சுவர்த் துவாரங்கள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. விசிறித் தலைப்பாகை கட்டிய சர்வர், பீட்ரூட் சேர்த்த மசால் தோசையைக் கொண்டுவந்து வைக்கிறார். கோப்போடு வந்தவருக்கும் பெட்டியோடு வந்தவருக்கும் ஒரே மேஜை, ஒரே விலை.

வடக்கே பாளையம் தாண்டினால் மியூசியம். 1880இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் மியூசியத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸையும் வடிவமைத்தவர். அதே வளாகத்தில் மிருகக்காட்சிசாலையும் ரவிவர்மா ஓவியங்களும் உண்டு. திங்கட்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். ஆனால் மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் அதிகாலையில் நடப்பதற்குக் கூடும் கூட்டம் தனிக் காட்சி.

பத்மநாபசுவாமி கோயிலுக்கும் காலைதான் உகந்தது. விடியுமுன்பே திறக்கும் நடை இடையிடையே சாத்தப்படும். நண்பகலில் அடைத்தால் மாலையில்தான் மறுபடி திறக்கும். பேன்ட் சட்டைக்கு உள்ளே இடமில்லை. ஆண்கள் வேட்டி மட்டும் கட்டி, மேல்சட்டையில்லாமல் போக வேண்டும்; பெண்களுக்குப் புடவை. செல்போன் வெளியிலேயே தங்கிவிடும். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியே மூன்று பகுதியாகத்தான் தரிசிக்க முடியும். ஒன்பதரை மணிக் கூட்டத்துக்குப் போக வேண்டியவருக்கு அதற்குமுன் கைபேசி இல்லாத அரை மணி நேரம் கிடைப்பது சாதாரண லாபமல்ல.

கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. தோவாளைப் பூவும் தமிழ்நாட்டுக் காய்கறியும் வந்திறங்கும் இந்தத் தெருவில் தமிழ் அந்நியமல்ல. இங்கே பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன் இந்தத் தெருவின் மனிதர்களையே கதைகளாக்கினார். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். நகுலன் வாழ்ந்து மறைந்ததும் இந்த ஊரில்தான். நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' நாவல் நடக்கும் இடமும் இதுவே.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு விழுந்தது, வழக்கம் நிற்கவில்லை. கம்பர் வழிபட்டதாக நம்பப்படும் பத்மநாபபுரத்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் இன்றும் நவராத்திரிக்கு எல்லை தாண்டி ஊர்வலமாக வந்து திரும்புகிறார்கள். சரஸ்வதியின் முன்னால் ஒன்பது நாள் இசை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் இங்கே வெறும் விருந்தாளி அல்ல; கொஞ்சம் உறவும்கூட.

விமானத்தில் திரும்புகிறவர்கள் பங்குனி, ஐப்பசி மாதங்களில் டிக்கெட்டை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஆண்டுக்கு இருமுறை ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வது விமான ஓடுதளத்தைக் கடந்துதான். அந்தச் சில மணி நேரம் விமானங்கள் பறப்பதில்லை. பத்மநாபன் கடலாடித் திரும்பும்வரை மேனேஜிங் டைரக்டரும் காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஊரில் ஓய்வு அப்படியும் வந்து சேரும்.