நீலம் பார்க்கும் கண்

2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பழம்பொருள்களை இலங்கைக்குத் திருப்பித் தந்தது. 1765இல் டச்சுப் படை கண்டியிலிருந்து அள்ளிக்கொண்டு போன லெவ்கே பீரங்கியும், இரண்டு பெரிய துவக்குகளும் அவற்றில் அடக்கம். பத்திரிகைகள் பொன்னையும் வெள்ளியையும் மாணிக்கத்தையும் பற்றி எழுதின. துவக்கின் பூட்டை, அதாவது அதை வெடிக்க வைக்கும் பொறியை, செய்த கொல்லனைப் பற்றி ஒரு வரி எழுதி நான் காணவில்லை. இத்தனைக்கும் பழைய சிங்களத் துவக்குகளில் பூட்டு இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பியருக்கு அது வலப்பக்கம். அதைப் பார்த்துச் செய்தவர்கள் அப்படியே செய்துவிடவில்லை, தங்கள் வழியில் செய்தார்கள்.

இதை ஒரு நண்பரிடம் ஆதங்கப்பட்டபோது, "எங்கட ஊருக்கு வாங்க, துவக்குப் பூட்டுப் பார்த்த கை ஒண்டு இன்னும் இருக்கு" என்றார். அவர் ஊர் பெரியகல்லாறு. களுவாஞ்சிக்குடியைத் தாண்டி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலம். மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இரண்டு இடங்களில் ஒன்று இங்கேதான்.

கம்மாலை என்று சொன்னார்களே தவிர, வீட்டு விறாந்தையில் ஒரு மேசையும் பிடிகருவியும்தான். எழுபதைத் தாண்டிய ஐயா ஒரு பழைய தையல் மெசினைக் கவிழ்த்து வைத்திருந்தார். துவக்கு எங்கே என்று கேட்டேன்.

"அது போய் நாப்பது வருசம், மனே."

அவருடைய தகப்பனாரிடம் திருத்துவதற்கான அனுமதிப் பத்திரம் இருந்ததாம். 1916ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பவரும் திருத்துபவரும் அனுமதி பெற வேண்டும். வட்டைக்குள் வாடி போட்டு வேளாண்மை காத்தவர்கள், யானைக்கும் பன்றிக்கும் வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்குகளை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மழையும் சேறும் பட்டு வில்லு தளரும், கொக்கி தேயும். துவக்கின் சுத்தியலான குதிரையைப் பிடித்து வைக்கும் அந்தக் கொக்கியின் முனை ஒரு நெல்லின் அளவுகூட இராது.

"சிலபேர் வீட்டிலயே கழட்டித் தாங்களே ராவிப் போட்டு வருவாங்க. அப்பா அடிக்காத குறை. ஒருத்தன் அப்படி ராவின துவக்கை வாடியில சாத்தி வெச்சான். சரிஞ்சு விழுந்து வெடிச்சதில கால்விரல் ரெண்டு போச்சு."

பூட்டின் மற்ற உறுப்புகளையும் அவர் விளக்கினார். எனக்கு விளங்கியது கொக்கி மட்டுமே.

பிறகு யுத்தம். ஒரு பக்கம் அரசு ஒப்படைக்கச் சொன்னது, மறுபக்கம் இயக்கங்கள் கேட்டு வாங்கின. ஊரில் துவக்கு இல்லாமற் போனதும் தொழிலும் போனது. காட்டு வழியில் கட்டிவைத்து, கால் பட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குச் செய்து தரச் சொல்லி, கைநிறையக் காசோடு ஆள் வந்ததுண்டு. "நடந்து வாறது பண்டியோ பொடியனோ எண்டு அதுக்குத் தெரியுமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வாரம் வீட்டில் அரிசி இருக்கவில்லை என்பதைச் சொன்னவர் அவருடைய மனைவி.

2004 சுனாமி பழைய கம்மாலையைத் துடைத்துக்கொண்டு போனது. மணலுக்குள் மூன்றாம் நாள் கிடைத்தது அரப்பெட்டி ஒன்றுதான். பதினொரு அரங்கள், தகப்பனாரின் எலிவால் அரமும் அதற்குள் இருந்தது. பிடி மாறியிருக்கிறது, அரம் அதுவேதான்.

நான் போன அன்று அவர் செய்தது தையல் மெசினின் ஒரு சின்ன வில்லு. உருக்குத் தகட்டை வெட்டி, வளைத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டார். எடுத்ததும் கண்ணாடிபோல் மினுங்கத் தேய்த்துவிட்டு, மறுபடி சிறு நெருப்பின் மேல் பிடித்தார். தகட்டில் நிறம் ஊர்ந்தது. முதலில் வைக்கோல் நிறம். பிறகு செம்பழுப்பு, ஊதா. நீலம் எட்டிய கணத்தில் கையை எடுத்தார். அந்த நீலம் ஏறத்தாழ முந்நூறு பாகை வெப்பம். வைக்கோலில் நிறுத்தினால் வில்லு ஒடியும், நீலம் கடந்தால் தொய்யும். வெப்பமானி இல்லை, கண்தான்.

இதற்கு அவருக்குக் கிடைப்பது 300 ரூபாய். மெசினை அனுப்பிய நகரத்துக் கடை, சொந்தக்காரியிடம் 2,000 வாங்குகிறது. "கொழும்பிலிருந்து சாமான் எடுத்தோம்" என்று பொய்யும் சொல்கிறது. அந்தப் பெண் இரவிரவாகத் தைத்துச் சேர்த்த காசு அது. அவள் காசையும் ஐயாவின் பெயரையும் ஒரே கையால் எடுத்துக்கொள்வதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரே கொண்டுவாருங்கள் என்று சொல்ல ஐயாவுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.

படிக்காமல் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களைச் சோதித்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் முறை இலங்கையில் இருக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. இந்த விறாந்தைக்கு அதிகாரி ஒருவர் வந்து ஒரு வில்லு நீலமாவதைப் பார்த்தால் போதும்.

பழக வரும் பிள்ளைக்கு அரங்களில் பாதியைத் தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார். கல்லாற்றுப் பக்கம் கைவாகு உள்ள பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அனுப்பிவையுங்கள். காலையில் வரச் சொல்லுங்கள். பின்னேரம் அவருக்குக் கண் மங்குகிறது.