மூன்று காலி

1981 கோடை விடுமுறை. டெல்லி கரோல்பாகிலிருந்து அத்தை ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து, சென்னையில் ரயில் மாறி, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அத்தை மகன் உடம்பெல்லாம் ரயில் கரி. "மொதல்ல புள்ளயக் கெணத்தடிக்கு அழச்சிட்டுப் போ" என்றாள் அப்பாயி. எனக்கு அப்பாயி, அவனுக்கு அம்மாயி.

கிணற்றடியில் அவன் கேட்டான்: "வாலி எங்க?"

"அவனத்தான் ராமர் கொன்னுட்டாரே!"

அவன் விழித்தான். வாளியைத் தூக்கிக் காட்டினேன். "அதான், வாலி" என்றான். வாலி, வாளி, வாழி என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்த்தேன். ஒரே வார்த்தையை மூன்று தடவை சொல்லி ஏமாற்றுவதாக நினைத்து அழுதேவிட்டான். வீட்டில் தமிழ் பேசுகிற பையன்தான். தெருவும் பள்ளிக்கூடமும் இந்தி. அப்பாயி அவன் தாடையைப் பிடித்து, "நாக்கு நுனிய மேல வளச்சுத் தடவுடா தங்கம்" என்று வாயைத் திறந்து காட்டினாள். கைநாட்டுக்காரி. ழகரம் பிறக்கும் விதமாகத் தொல்காப்பியம் பிறப்பியலில் இதையேதான் சொல்கிறது என்பது கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பழி தீர்த்துக்கொண்டான். பானையில் தண்ணீர் இல்லை. "காலி" என்றேன்.

"என்னைத் திட்டுறியா?"

அவன் ஊரில் காலி என்றால் கறுப்பு, காலி என்றால் வெறுமை, காலி என்றால் வசவு. இதோ, எழுதும்போதும் மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன! அவன் காதுக்கு மூன்றும் வேறு வேறு. வெறுமைக்கான காலியில் மூச்சு சேர்ந்து வரும் என்று நிரூபிக்க, அப்பாயியின் சம்புடத்திலிருந்து திருநீற்றை உள்ளங்கையில் கொட்டி வாய்க்கு நேரே பிடித்தான். கறுப்புக் காலிக்குத் திருநீறு அசையவில்லை; வெறுங்காலிக்குப் பறந்தது. முதுகில் விழுந்த அறை மட்டும் இருவருக்கும் பொது.

அவன் கேட்ட இன்னொன்றுதான் என்னை ரொம்ப நாள் படுத்தியது. "காகத்துல ரெண்டு 'க'வும் வேற வேறயா இருக்கே, ஏன் ஒரே எழுத்து?" தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறவன் நான். அந்த வித்தியாசம் என் காதில் விழுந்ததே இல்லை. பக்கம், பங்கு, பகல் எல்லாவற்றிலும் 'க' வேறு வேறாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதை மாற்றினால் தமிழில் பொருள் மாறுவதில்லை. ல, ள மாறினால் பல்லி பள்ளியாகிவிடும். இப்படிப் பொருளை மாற்றும் ஒலியை ஒலியன் என்கிறார்கள் மொழியியலில். தொல்காப்பியர் எழுத்து முப்பது என்று எண்ணியதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் என்று எனக்குத் தோன்றும்.

1984இல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் கைக்குழந்தைகளைச் சோதித்து ஒன்று கண்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள்கூட ஆறெட்டு மாதத்தில் இந்தியின் த, ட வேறுபாட்டைப் பிடித்துவிடுகின்றன. ஒரு வயது நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நழுவிப்போகிறது. கிணற்றடியில் நாங்கள் சண்டை போட்டபோது இருவருக்குமே பத்து வயது.

போன வாரமும் டெல்லியிலிருந்து கூப்பிட்டான். "உங்க ஊர்ல தண்ணிக் கஷ்டமாமே, வாலியெல்லாம் ரொப்பி வச்சியா?" என்றான்.

"எல்லாம் காலி" என்றேன்.


"திட்டாதடா" என்றான்.